நாமினேஷன் போட்டாச்சா?

எங்கள் சொசைட்டியில் போன மாதம் கமிட்டித் தேர்தல். தில்லியில் அடுக்ககங்களில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், பாராளுமன்றத் தேர்தலுக்குக்கூட இத்தனை சூடு பறக்காது. கார் நிறுத்துகிற இடத்துக்காகவே இரண்டு கோஷ்டி பிரிந்து ஒருத்தருக்கொருத்தர் குட்மார்னிங் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் 'நாமினேஷன்' என்றும், அதன் கீழே இந்தியில் 'நாமாங்கன்' என்றும் எழுதிக் கடைசித் தேதி போட்டிருந்தார்கள். கீழ் வீட்டில் பீகாரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் இதைப் படித்துவிட்டு, சொசைட்டிக்குள் ஏதோ ஸ்கூல் ஆரம்பிக்கிறார்கள் போல என்று நினைத்து, பேரனை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று என்னிடம் விசாரித்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. பீகார், உத்தரப் பிரதேசம் பக்கமெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கும் நாமாங்கன்தான். பெயரைப் பதிவது, அவ்வளவுதான் அர்த்தம்.

அந்த வார்த்தை என்னை ஒரு வாரம் விடவில்லை. இந்திப் பேப்பர் படிக்கிறவர்கள் 'நாம்ஜத்' என்று ஒரு சொல்லைப் பார்த்திருப்பீர்கள். தேர்தலில் மனு போடுவது 'நாம்ஜத்கி'. போலீஸ் எஃப்.ஐ.ஆரில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்ட ஆளும் 'நாம்ஜத்'. ஒரே ஆள் ஒரே வாரத்தில் இரண்டு வகையிலும் நாம்ஜத் ஆவது வடக்கே சகஜம். (தெற்கே மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்காதீர்கள்.)

தேர்தலில் நிற்பவருக்கு ஒவ்வொரு மொழியும் வைத்திருக்கிற பெயர் இன்னும் சுவாரசியம். இந்தியிலும் மராத்தியிலும் 'உம்மீத்வார்', 'உமேத்வார்'. நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள், பாரசீகத்திலிருந்து வந்தது. மலையாளத்தில் 'ஸ்தானார்த்தி', பதவியைக் கேட்பவர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'அப்யர்த்தி', வேண்டிக் கேட்பவர். நம் தாத்தா காலத்துத் தமிழில் 'அபேட்சகர்' என்று எழுதினார்கள். பிறகு வந்த 'வேட்பாளர்' ஒளிவுமறைவில்லாத வார்த்தை. வேட்கை உள்ளவர், ஆசைப்படுகிறவர். அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற 'தாக்கல்' மட்டும் 'தாகில்' என்ற அரபுச் சொல்லின் திரிபு. தாக்குதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சில ஊர்களில் மனுத் தாக்கல் நடக்கிற விதத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும் என்றாலும் :-)

சரி, ஆங்கில வார்த்தைக்கு வருவோம். 'நாமினேட்' லத்தீனிலிருந்து வந்தது. 'நோமென்' என்றால் பெயர், 'நோமினாரே' என்றால் பெயரிட்டுச் சொல்வது. சமஸ்கிருத 'நாம'மும் லத்தீன் 'நோமென்'னும் ஆங்கில 'நேம்'மும் ஒரே வேரில் கிளைத்தவை. அதனால்தான் இந்திக்காரருக்கு நாமினேஷனைப் பார்த்ததும் நாமாங்கன் வாயில் வருகிறது. இலக்கணத்தில் படித்த 'நவுன்' இந்தக் குடும்பம்தான். பேங்கில் பணம் கட்டும்போது ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை என்று சலானில் எழுதுகிறோமே, அந்த 'டினாமினேஷன்' இதே குடும்பம். பெயர் கெட்டுப்போவதைச் சொல்லும் 'இக்னாமினி'யும் இங்கிருந்துதான்.

'கேண்டிடேட்' வேறு கதை. பழைய ரோமில் பதவிக்கு நிற்கிறவர்கள் சுண்ணப்பொடி தேய்த்து வெளுப்பாக்கிய அங்கியைப் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போவார்கள். வெள்ளை உடுத்தியவர் என்பதற்கான லத்தீன் சொல்தான் கேண்டிடேட் ஆயிற்று. வெள்ளை வேட்டி சட்டையை நம்மாட்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் மன்னிக்கவும். அந்த வெள்ளை அங்கிக்காரர் கூடவே ஓர் அடிமை நடப்பான். எதிரே வருகிறவர் யார், அவர் பெயர் என்ன என்று எஜமானின் காதில் கிசுகிசுப்பதுதான் அவன் உத்தியோகம். பட்டம்: நோமென்கிளேட்டர், பெயர் சொல்பவன். நம்மூர் வேட்பாளர் தெருவில் நுழையும்போது வட்டச் செயலாளர் அவர் தோளுக்குப் பின்னால் குனிந்து ஏதோ சொல்ல, உடனே இவர் "என்ன பெரியப்பா, சௌக்கியமா?" என்று கேட்பாரே, அதே வேலைதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். லத்தீனில் நோமென் என்றால் கடனும்கூட. கணக்குப் புத்தகத்தில் கடன் வாங்கியவன் பெயருக்கு நேரே தொகையை எழுதுவதால் அந்தப் பதிவுக்கே 'பெயர்' என்று பெயராகிவிட்டது. இந்திக் கணக்குப் புத்தகங்களில் இன்றைக்கும் பற்றுக்கு 'நாமே', வரவுக்கு 'ஜமா'. ஊரில் அண்ணாச்சி கடையில் "நம்ம பேர்ல எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு எண்ணெய் வாங்கி வந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் பெயரில் எழுதியிருக்கிறது என்பதற்காக அது நமக்கு வரவேண்டிய பணம் ஆகிவிடாது.

இப்போது தேர்தல் மனு. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, எத்தனை ஆசை இருந்தாலும் ஒருவர் தன் பெயரைத் தானே மட்டும் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது. அங்கீகாரம் பெற்ற கட்சி நிறுத்தும் ஆளுக்கு அந்தத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். சுயேச்சை என்றால் பத்துப் பேர். இதில் நம்மைப் போல வெளியூரில் வசிக்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. லோக்சபாவுக்கு நிற்க இந்தியாவில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் பெரும்பாலும் போதும். தில்லியில் ஓட்டு வைத்திருக்கிற நான் தஞ்சாவூரில் எம்.பி.க்கு நிற்கலாம். ஆனால் என் பெயரைச் சொல்ல தஞ்சாவூர் வாக்காளர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷம் ஊரைவிட்டு இருந்தவனுக்கு அங்கே பத்துப் பேர் தேறுவார்களா என்று யோசித்தேன். சித்தப்பா வீட்டில் நாலு, ஸ்கூல் சிநேகிதர்கள் மூன்று... அதற்கு மேல் விரல் மடங்கவில்லை. (எம்.எல்.ஏ. ஆசை வேண்டாம். அதற்கு அந்த மாநிலத்திலேயே ஓட்டு இருக்க வேண்டும்.)

இந்தப் பத்துப் பேர் விதி வந்ததற்கு நம்மூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1996 சட்டசபைத் தேர்தலில் ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சி தொகுதியில் 1033 வேட்பாளர்கள் நின்றார்கள். விவசாயிகள் தங்கள் கோரிக்கைகளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். ஓட்டுச் சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியதாயிற்று. அதே வருஷம் லோக்சபாத் தேர்தலில் ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். ஜெயிப்பதற்காக யாரும் நிற்கவில்லை. பட்டியலில் பெயர் ஏறினால் அரசாங்கம் படித்தாக வேண்டுமே, அதற்காக. அப்போது சட்டசபைக்கு டெபாசிட் 250 ரூபாய்தான். அதே 1996-இல் சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 5000 ஆக்கி, சுயேச்சைகளுக்குப் பத்து முன்மொழிபவர்களையும் கேட்டார்கள். இப்போது சட்டசபைக்கு 10,000, லோக்சபாவுக்கு 25,000.

யாரும் ஓட்டுப் போடாமலே பெயர் சொல்லி உள்ளே அழைத்துக்கொள்வதும் நாமினேஷன்தான். 1952-இல் ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. கவர்னர் அவரைச் சட்ட மேலவைக்கு நியமித்தார், அவர் சென்னை மாகாண முதலமைச்சர் ஆனார். அதே வருஷம் ராஜ்யசபாவின் முதல் நியமன உறுப்பினர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் ஒருவர். 2022-இல் இளையராஜா. ராஜ்யசபாவுக்கு ஜனாதிபதி பன்னிரண்டு பேரை இப்படி நியமிக்கலாம். அவர்கள் ஜனாதிபதித் தேர்தலில் மட்டும் ஓட்டுப் போட முடியாது. தன்னைப் பெயர் சொல்லி அழைத்தவருக்கே ஓட்டுப் போடுவது நன்றாக இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

கவனித்தீர்களா, ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை. தமிழில் நாம் அதை இடத்துக்கு ஏற்றபடி பிரித்துவிட்டோம். தேர்தலுக்கு வேட்புமனு. ராஜ்யசபாவுக்கு நியமனம். ஆஸ்கருக்குப் பரிந்துரை. மூன்றுமே சரியாகப் பொருந்துகின்றன. நான்காவதாக ஓர் இடம் இருக்கிறது. தேர்தல் பக்கமே போகாத ஆள்கூட வாழ்நாளில் பத்துத் தடவையாவது அங்கே நாமினேஷன் போட்டிருப்பார். பேங்க் கணக்கு, பி.எஃப்., இன்ஷூரன்ஸ், லாக்கர். ஒவ்வொரு ஃபார்மிலும் கடைசியில் 'நாமினி' என்று ஒரு கட்டம். இதற்கு 'நியமனதாரர்' என்று ஒரு சொல் அச்சில் இருக்கிறது, ஆனால் யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. பேச்சில் நாம் என்ன சொல்கிறோம்? "வாரிசு பேரு எழுதுங்க சார்."

இங்கேதான் கோளாறு. நாமினி வாரிசு இல்லை. ஆங்கிலத்தில் சட்டப் பத்திரங்களுக்கென்றே பழைய பிரெஞ்சிலிருந்து வந்த ஒரு வால் உண்டு: 'ஈ'. வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், கொடுக்கப்படுபவர் எம்ப்ளாயீ. அதே மாதிரி, பெயர் சொல்லப்பட்டவர் நாமினீ. அதற்கு மேல் அந்த வார்த்தைக்குள் ஒன்றும் கிடையாது. கொடுத்தேன், எழுதிவைத்தேன், சொத்து இவருக்கு என்று எதுவும் இல்லை. 'நான் போன பிறகு இந்தப் பெயர்க்காரரைக் கூப்பிட்டுப் பணத்தைக் கையில் கொடுங்கள்', அவ்வளவுதான்.

ஆபீஸில் நம் வேலை சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கு என்பதால், இந்தப் பக்கத்துத் தமிழர்களில் யாருக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டுமென்றாலும் போன் எனக்குத்தான் வரும். 2021 கோடையில் அப்படி ஒரு போன் வந்தது. தில்லியில் அந்த ஏப்ரல், மே எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் நண்பன் ஒருவன், மன்னார்குடிப் பக்கத்துப் பையன், நாற்பது வயது முடியவில்லை, பத்தே நாளில் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணா, ஃபார்ம்ல 'நாமிதி'ன்னு ஒரு கட்டம் இருக்கு. எல்லாத்துலயும் அத்தை பேருதான் இருக்கு. அப்ப எனக்கும் பாப்பாவுக்கும் ஒண்ணும் இல்லையா?"

நாமிதி என்பது நாமினிக்கு அரசாங்க இந்தி. நண்பன் கல்யாணத்துக்கு முன்னால், 2008-இல் நொய்டாவில் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே எல்லா ஃபார்மிலும் அம்மா பெயரை எழுதியிருந்தான். இருபத்தைந்து வயதுப் பையன் வேறு யார் பெயரை எழுதுவான்? பிறகு கல்யாணம், குழந்தை, இரண்டு முறை வீடு மாற்றம். கேஸ் இணைப்பிலும் ஆதாரிலும் விலாசம் மாறியது. நாமினி கட்டத்தை யாரும் திறக்கவில்லை. இதைப் படிக்கிற பாதிப் பேரின் ஃபார்ம்கள் இப்படித்தான் இருக்கும், பந்தயம் கட்டத் தயார்.

ஊரில் நண்பனின் அண்ணன்காரர் ஒரே பிடியாக இருந்தார். "தம்பி, அவன் தெரிஞ்சுதான் எழுதியிருக்கான். அம்மா பேரு இருக்கு, அம்மாவுக்குத்தான் பணம். இதுல பேச என்ன இருக்கு?" அவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஏஜெண்ட். எந்தக் கம்பெனி என்பது இப்போது முக்கியமில்லை.

இதில் சட்டம் என்ன சொல்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஒவ்வொரு பணத்துக்கும் ஒவ்வொரு மாதிரி.

இன்ஷூரன்ஸில் பழைய பெரிய தீர்ப்பு 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. வழக்கு இதே தில்லியிலிருந்து போனது. ஒருவர் உயில் எழுதாமல் 1967-இல் இறந்துபோனார். பத்தாயிரம் ரூபாய் வீதம் இரண்டு பாலிசி, இரண்டிலும் மனைவி நாமினி. அவருடைய அம்மாவும் மகனும் எங்களுக்கும் பங்கு உண்டு என்று கோர்ட்டுக்குப் போனார்கள். பதினாறு வருஷம் கழித்து உச்ச நீதிமன்றம் சொன்னது: நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. பணம் வாரிசுச் சட்டப்படி உரியவர்களுக்குப் போக வேண்டும். இருபதாயிரம் ரூபாய்க்காகப் பதினாறு வருஷம் ஒரு மாமியாரும் மருமகளும் கோர்ட்டு வாசலில் நின்றிருக்கிறார்கள் என்பதுதான் அதைப் படித்தபோது எனக்கு மனதில் தைத்தது. பேங்க் டெபாசிட்டுக்கும் இதே கதை என்று 2010-இலும், கம்பெனிப் பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வாரிசுச் சட்டம் என்றால் இந்துக்களுக்கு 1956-ஆம் வருஷச் சட்டம். உயில் எழுதாமல் ஆண் ஒருவர் போனால் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் ஒரே வரிசை, சம பங்கு. அப்பா அந்த வரிசையில் இல்லை. (இதைச் சொன்னால் எல்லா அப்பாக்களும் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுபோகிறார்கள்.)

ஆனால் இன்ஷூரன்ஸில் 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், இவர்களில் ஒருவரை நாமினியாகப் போட்டிருந்தால் பணம் அவர் வாங்கித் தரும் பணம் இல்லை, அவருக்கே உரிய பணம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. அப்படிச் சொன்ன பிறகும் சண்டை ஓயவில்லை. 2025 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு அச்சு அசலாக என் நண்பன் வீட்டுக் கதை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசி, அம்மா நாமினி, பிறகு மனைவியும் குழந்தையும். வாரிசுச் சட்டத்தை இந்தத் திருத்தம் தள்ளிவிடாது என்று சொல்லி மூன்று பேருக்கும் சம பங்கு கொடுத்தது கோர்ட். எதிர்மாதிரி தீர்ப்புச் சொன்ன உயர் நீதிமன்றமும் உண்டு.

பி.எஃப். இன்னொரு தினுசு. குடும்பம் இருக்கிறவர் குடும்பத்தினரைத்தான் நாமினியாகப் போட முடியும். கல்யாணத்துக்கு முன் போட்ட நாமினேஷன் கல்யாணமானதும் செல்லாது, புதிதாகப் போட வேண்டும். ஆக என் நண்பன் எழுதிய மூன்று ஃபார்மில் பி.எஃப். ஃபார்ம் கல்யாணத்தன்றே காலாவதி. பேங்கில் அம்மா வாங்கித் தரவேண்டியவர். இன்ஷூரன்ஸில் அவர் நினைத்தால் தனக்கே என்று வாதாடலாம். ஒரே பெயர், ஒரே பேனா, ஒரே வாரத்தில் எழுதியது.

அந்த அம்மாவிடம் நான் போனில் பேசினேன். பெரியவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"தம்பி, எம்பேரு எழுதியிருக்கான்னா எனக்குன்னுதானே எழுதியிருக்கான்? புள்ள கடைசியா குடுத்தது."

இதற்கு என்ன பதில் சொல்வது? 1983, 2015 என்று சட்டம் பேசுகிற இடமா அது? "வாங்கிப் பிரிச்சுக் குடுக்கறதுக்கு ஒரு ஆள் பேரு எழுதணும்மா. அப்ப அவனுக்கு நம்பிக்கையான ஆள் நீங்க ஒருத்தர்தான், அதான் எழுதியிருக்கான்" என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு சொன்னார்:

"ரேஷன் கார்டுல கூடத்தான் எம்பேரு மேல இருக்கு. அரிசிய நான் மட்டுமா திங்கிறேன்?"

நாமினி என்ற வார்த்தைக்கு நான் படித்த எந்த விளக்கமும் இதற்குக் கிட்டத்தில் வராது. இன்ஷூரன்ஸ் பணத்தையும் சேர்த்து மூன்றாகப் பிரித்தார்கள். அம்மாவுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பேத்தி பெயரில் டெபாசிட்டாக ஒன்று. அண்ணன்காரர் தம்பியின் முதல் வருஷத் திதிக்கு வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்தார், சாப்பிடாமல் போனார். இப்போது எப்படி என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் பிறகு தெரிந்தவர் வீட்டுக்குப் போனால் காப்பி வருவதற்குள் "நாமினேஷன் போட்டாச்சா?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. என்னைப் பார்த்தாலே டி.வி. சத்தத்தைக் கூட்டுகிற வீடுகளும் உண்டு. 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து பேங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. டெபாசிட்டுக்கு இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்து எழுதலாம், அல்லது ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசையாகப் போடலாம். லாக்கருக்கு வரிசை மட்டும்தான். நல்ல மாற்றம்தான், ஆனால் நான்கு பேரை எழுதினாலும் நான்கு பேரும் வாங்கித் தருகிறவர்கள்தான். யாருக்கு என்ன என்று நாமே முடிவு செய்ய வேண்டுமென்றால் உயில் எழுத வேண்டும். வெள்ளைத் தாள் போதும், பத்திரத்தாள் வேண்டாம், பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை. இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து கட்டாயம்.

வேலைக்குப் போகிற பெண்கள் இதைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதே 1956 சட்டத்தில் பெண்ணுக்கு வரிசை வேறு. அவள் உயில் எழுதாமல் போய், கணவனும் பிள்ளைகளும் இல்லை என்றால், அவள் சம்பாதித்த பணம் முதலில் கணவனின் வாரிசுகளுக்குத்தான் போகும். அவளைப் பெற்றவர்கள் அதற்குப் பின்னால்தான். பிறந்த வீட்டிலிருந்து வாரிசாக வந்த சொத்துக்கு மட்டும் வேறு விதி. பேங்க் ஃபார்மில் நாமினியாக அம்மா பெயரை எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிற பெண்கள் எங்கள் ஆபீஸிலேயே நிறையப் பேர். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "இது தெரிஞ்சிருந்தும் இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரியே ஒரு தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.

நண்பனின் மனைவி இப்போது குருகிராமில் வேலை பார்க்கிறாள். சேர்ந்ததும் பி.எஃப். நாமினேஷன் படிவத்தை நிரப்பி, ஒரு தடவை பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினாள். மகள் பெயரும் மாமியார் பெயரும் எழுதியிருந்தாள். கணவன் இல்லாத பெண் அவனுடைய பெற்றோர் தன்னை நம்பியிருந்தால் அவர்களையும் போடலாம், அந்தத் திட்டத்தில் இடம் இருக்கிறது. மகள் மைனர் என்பதால் கார்டியன் யார் என்று ஒரு கட்டம். அதிலும் மாமியார் பெயர்தான். எல்லாம் சரியாக இருந்தது. ஆதாரில் இருக்கிற ஸ்பெல்லிங்கைவிட மாமியார் பெயரில் ஒரு 'எச்' மட்டும் குறைந்திருந்தது. இந்த ஊர்க்காரர்கள் யாரோ டைப் அடித்துக் கொடுத்திருப்பார்கள். அதைச் சேர்த்து மறுபடி அனுப்பச் சொன்னேன்.